ஒரு பேரிங்குக்காக வாங்கிய ஐந்து கருவிகள்

2017 ஜூனில் கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் மாருதி 800-இன் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டதும் தொடங்கும். வேகம் கூடக்கூடச் சத்தமும் ஏறும். கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாலும் நிற்காது. அப்படியென்றால் என்ஜின் காரணமில்லை. சாலை வலப்பக்கம் வளையும்போது முனகல் பெரிதாகும், இடப்பக்கம் வளைந்தால் அடங்கும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆக, இட முன்சக்கரத்தின் பேரிங்தான் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும், இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் ஓடும் பாகம்) என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி ஏற்றி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டு மறு கையைச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சுருள்வில்லின் மேல் வைத்தேன். உள்ளே மணல் உரசுவதுபோல விரல்களுக்கு ஓர் அதிர்வு வந்தது. வலப்பக்கத்தில் அது இல்லை. பேரிங் சத்தத்தைக் காதால் தேடுவதைவிட இப்படி வில்லில் கை வைத்துப் பார்ப்பது எவ்வளவோ மேல். யாரும் செய்து பார்க்கலாம்.

வண்டி 2004 மாடல், அப்பா புதிதாக வாங்கியது. மாருதி 800-க்கு 12 அங்குலச் சக்கரம். 145/70 டயரோடு கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 625 சுற்றுக்கு மேல் வருகிறது. சின்னச் சக்கரமாக இருப்பதால் பேரிங்குக்கு வேலை அதிகம். 13 வருடம் ஓடிய பேரிங் தேய்வதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் இங்கே முழுதாக எழுத நினைக்கிறேன். இந்த ஒரு பேரிங்குக்காக நான் 8,500 ரூபாய்க்குத் தனிக்கருவிகள் வாங்கினேன். எட்டு வருடம் கழித்து அவற்றில் எது தேவைப்பட்டது, எது தேவையே இல்லை என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

முதல் பழுதுபார்ப்பு

முதலில் வண்டியை வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு பட்டறையில்தான் விட்டேன். இந்த வண்டியின் ஒவ்வொரு முன் நக்கிளிலும் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) இரண்டு பேரிங் இருக்கும், நடுவில் இடைவெளி காக்கும் ஒரு ஸ்பேசர். பேரிங் இரண்டு, ஆயில் சீல், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் பில் வந்தது. வேலை நடக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். புதுப் பேரிங்கை நக்கிளின் வாயில் வைத்து, ஒரு இரும்புக் கம்பியை அதன் நடுப்பகுதியில் நிறுத்தி, சுத்தியலால் தட்டி ஏற்றினார்கள். நேராக இறங்கியது. முனகலும் போய்விட்டது. எனக்கும் சந்தோஷம்தான்.

செப்டம்பரில் அதே முனகல் திரும்பி வந்தது. ஓடோமீட்டரைப் பார்த்தேன், சுமார் 2,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. சக்கரம் 12 லட்சம் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றியிருக்கும். பல வருடம் உழைக்க வேண்டிய பொருள் மூன்று மாதத்தில் போனால் ஒன்று பேரிங் போலி, இல்லையென்றால் ஏற்றிய விதத்தில் கோளாறு. பெட்டி, முத்திரை, எண் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேரிங் அசல்தான்.

பட்டறையில் போய்ச் சொன்னபோது ரோடு மோசம் என்றார்கள். அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. அடுத்த முறை நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

வாங்கியவை

சுசுகியின் சர்வீஸ் கையேட்டில் தனிக்கருவிகளுக்கு 099 என்று தொடங்கும் எண்கள் உண்டு. முன் ஹப்பை (சக்கரம் மாட்டப்படும் நடுப்பாகம்) கழற்றும் பக்கத்தைத் திறந்தால், ஹப்பை உருவ ஸ்லைடு ஹாமர், சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராட்டின் முனையைக் கழற்ற ஒரு புல்லர், பேரிங்கை ஏற்ற ஒரு இன்ஸ்டாலர் என்று வரிசையாக இருந்தன. கையேட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணுள்ள அசல் கருவிகள் கடையில் கிடைக்காததால் அதே வேலையைச் செய்யும் பொதுக்கருவிகளைத் தேடினேன். ஹப் தட்டோடு ஸ்லைடு ஹாமர் 3,400 ரூபாய். டை ராட் புல்லர் 650. பேரிங்கைத் தட்டி ஏற்றுவதற்கான, பத்து வட்டத் தட்டுகள் கொண்ட பேரிங் டிரைவர் செட் 2,100. ஹப் நட்டுக்கான பெரிய சாக்கெட்டும் நீளமான பவர் பாரும் 900. வேலை பாதியில் நின்றபோது ஓடிப்போய் வாங்கிய பேரிங் ஸ்ப்ளிட்டர் (தண்டில் இறுகிய பேரிங்கை அடியில் பிடித்துக் கழற்ற உதவுவது) 1,450. மொத்தம் 8,500.

பட்டறையில் இதே வேலையை நான்கு தடவைக்கு மேல் செய்துகொள்ளலாம், அவ்வளவு பணம். அது எனக்கு அன்றைக்கும் தெரியும். காசை மிச்சம் பிடிக்க நான் இதில் இறங்கவில்லை. வேலை சரியாக நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. சரியான கருவி இருந்தால் வேலை தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என் தவறு அந்த நினைப்பில்தான் இருந்தது.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்தினேன். அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் காலிப்பரை எடுத்து, ஹோஸ் இழுபடாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். டை ராட் முனையில் புல்லரை மாட்டி இறுக்கினேன். அந்த முனை கூம்பு வடிவத்தில் நக்கிளின் காதுக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். புல்லரின் திருகு இறுக இறுக ஒன்றுமே நடக்காதது போலிருக்கும், பிறகு துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தத்தோடு விடுபடும். புல்லர் இல்லாமல் நட்டின் மேலேயே தட்டுபவர்கள் உண்டு. அப்படித் தட்டினால் மரை நசுங்கிவிடும், டை ராட் முனையையே மாற்ற வேண்டிவரும். நக்கிளின் காதில் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினாலும் கூம்பு விடுபடும், அனுபவசாலிகள் அப்படிச் செய்வார்கள். கவைபோன்ற ஆப்பை அடித்து இறக்கும் முறை ஒன்றும் உண்டு. அது ரப்பர் உறையைக் கிழித்துவிடும் என்பதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்தது ஸ்லைடு ஹாமர். ஹப்பின் ஸ்டட்டுகளில் தட்டை மாட்டி, நீளமான கம்பியில் வழுக்கி வரும் எடையைப் பின்னால் இழுத்து அடிக்க வேண்டும். எட்டாவது அடியில் ஹப் வந்தது. வெளிப்பக்க பேரிங்கும் முழுதாக அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கையேட்டில் அதற்கும் வழி இருந்தது, நான்தான் அந்தப் பக்கத்தை முன்கூட்டிப் படிக்கவில்லை. ஸ்ப்ளிட்டர் வாங்கப் போனது அதற்காகத்தான். அதை மாட்டியும் பேரிங் அசையவில்லை. வீட்டில் அழுத்தி இறக்கும் பிரஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கழிந்து திங்கள் காலை ஹப், நக்கிள், ஸ்ப்ளிட்டர், புதுப் பேரிங் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு கோவையின் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன்.

லேத் பட்டறையில்

கணபதிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஒரு சந்தில் நாலு லேத் ஓடும். நான் போன பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பம்ப் மோட்டார் வேலைதான் அவருக்கு முக்கியம், கார் வேலை எப்போதாவதுதான். என் சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தவர் டிரைவர் செட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பழைய பேரிங்கைத்தான் முதலில் கையில் எடுத்தார்.

“இது எத்தனை நாள் ஓடுச்சுங்க தம்பி?”

“மூணு மாசங்கண்ணா.”

பிரஸ்ஸில் வைத்து ஹப்பிலிருந்து அதை இறக்கினார். பிறகு கிரைண்டரில் வெளிவளையத்தை வெட்டிப் பிளந்து, டீசலில் கழுவி, துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். வளையத்தின் உட்புறத்தில் குண்டுகள் ஓடும் பள்ளம் கண்ணாடிபோல இருக்க வேண்டும். அதில் ஒரே சீரான இடைவெளியில் புள்ளிகள் தெரிந்தன. நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் லேசாகத் தட்டியது. இன்னும் உற்றுப் பார்த்தபோது புள்ளிகள் இரண்டு வரிசையாக இருந்தன. பள்ளத்தின் வெளி ஓரத்தில் இருந்தவை பளபளவென்று புதிதாக இருந்தன. உள் ஓரத்தில் இருந்தவை மங்கி, விளிம்பிலிருந்து உலோகம் செதில் செதிலாகப் பெயரத் தொடங்கியிருந்தது.

புது வரிசை நான் போட்டது. ஸ்லைடு ஹாமரால் ஹப்பை வெளியே இழுத்தபோது அந்த அடி முழுவதும் உள்வளையத்திலிருந்து குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்குப் போயிருக்கிறது. ஹப்பை ஒருமுறை உருவினால் பேரிங்கை மறுபடி போடக்கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். பழைய வரிசை எதிர்த் திசையில் விழுந்த அடி, அதாவது உள்ளே ஏற்றும்போது விழுந்தது. ஓடாத வண்டியில் செதில் பெயராது. ஆக அந்தக் குழிகள் முதல் நாளே விழுந்து, மூன்று மாதம் குண்டுகள் அவற்றின் மேல் ஏறி இறங்கியிருக்கின்றன.

“உள் ரிங்கைத் தட்டுனா குண்டு பாதையில குழி போட்ருமுங்க. வெளி ரிங்கு எதுல உக்காருதோ, அதுக்கு வெளி ரிங்கைத்தான் தள்ளோணும்” என்றார்.

எனக்கு அதுவரை புரியாமலிருந்த விஷயம் இவ்வளவுதான். பேரிங்கின் வெளிவளையம் நக்கிளின் துளையில் இறுகி உட்காரும். உள்வளையம் ஹப்பின் தண்டைப் பிடித்துக்கொள்ளும். நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். பிறகு ஹப்பைப் பேரிங்குக்குள் இறக்கும்போது மறுபக்கம் உள்வளையத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு இறக்க வேண்டும். இரண்டிலும் குண்டுகளின் மேல் பாரம் விழாது. முதல் பட்டறையில் கம்பியை நடுவில் வைத்துத் தட்டியபோது அது உள்வளையத்தில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு நான் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றேன், ஆனால் பார்ப்பது என்னவென்று தெரியவில்லை.

அவர் என் டிரைவர் செட்டைத் தொடவே இல்லை. உள்பக்கத்துப் பழைய பேரிங்கையும் வெட்டி, அதன் வெளிவளையத்தை எடுத்து, வெளிச்சுற்றை ஒரு மயிரிழை தேய்த்தார். துளைக்குள் தாராளமாகப் போய்வரும் அளவுக்கு. அதைப் புதுப் பேரிங்கின் மேல் வைத்து பிரஸ்ஸால் அழுத்தினார். பழைய வெளிவளையம் புதியதன் வெளிவளையத்தின் மேல் அச்சு அசலாக உட்காருகிறது. ஒரே அளவு பேரிங் அல்லவா. உள்வளையத்தைத் தொட வழியே இல்லை. ஸ்பேசரை வைத்தார், இரண்டாவது பேரிங், சீல், பிறகு உள்வளையத்துக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்து ஹப். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அந்தத் தேய்த்த வளையத்தை ஒரு கம்பியில் கோத்து இன்னும் வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு என்னிடம் இருக்கும் ஆகச் சிறந்த தனிக்கருவி அதுதான்.

எட்டு வருடக் கணக்கு

ஒரு வேலைக்காக வாங்கும் கருவியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மறுபடி எத்தனை தடவை எடுப்பாய்? நானும் எண்ணிப் பார்த்தேன். ஸ்லைடு ஹாமர் மூன்று முறை. 2017-இல் இடச் சக்கரம், 2019-இல் வலச் சக்கரம், நடுவில் ஒருமுறை இறுகிப்போன பின் பிரேக் டிரம். 2019-இல் வண்டிக்கு 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது; அதற்கு முன் வலப்பக்கத்தையும் மாற்றிவிடலாம் என்று செய்தேன். டை ராட் புல்லர் ஆறு முறை. ஸ்ப்ளிட்டர் ஒரே முறை, அதுவும் லேத்காரரின் பிரஸ்ஸில். டிரைவர் செட்டில் பத்துத் தட்டுகள் இருக்கின்றன, ஒன்றைக்கூட இன்றுவரை பேரிங்கின் மேல் வைத்ததில்லை. சாக்கெட்டும் பவர் பாரும் கணக்கில் அடங்காது, இறுகிய நட்டு எங்கே இருந்தாலும் அந்த பார்தான்.

ஆனால் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து நல்ல கருவி, வீண் கருவி என்று பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறு முறை எடுத்த புல்லருக்கு மாற்றுவழி உண்டு, சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது இல்லாமலும் முடியும். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் தேவைப்படும் என்றாலும் மாற்றுவழியே தேடக்கூடாத கருவியும் உண்டு. முன் ஸ்ட்ரட்டை (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) பிரிக்கும்போது வில்லை அமுக்கிப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் கம்ப்ரெஸர் அப்படி. சுருள்வில்லுக்குள் அடங்கியிருக்கும் விசை ஆளின் முகத்தைப் பெயர்த்துவிடும். சங்கிலியால் கட்டி, கம்பியால் சுற்றி மேல் நட்டைக் கழற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது கை நடுங்கியது. நல்ல கம்ப்ரெஸர் வாங்க வசதியில்லை என்றால் ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி, அந்தக் கருவி உள்ள பட்டறையில் கொடுத்துவிடுவதுதான் சரி. 2020-இல் நான் அப்படித்தான் செய்தேன்.

ஆக, வாங்கும் முன் நான் இப்போது கேட்டுக்கொள்வது வேறு. இந்தக் கருவி எதைத் தள்ளுகிறது, எதை இழுக்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி நேரம் கருவியை வாங்கவே வேண்டாம், வீட்டில் இருக்கும் ஒரு வளையம், ஒரு குழாய்த் துண்டு, ஒரு நீள போல்ட்டும் இரண்டு தட்டும் அந்த வேலையைச் செய்துவிடும். பதில் தெரியாவிட்டால் 2,100 ரூபாய் டிரைவர் செட்டைக் கையில் வைத்துக்கொண்டே தவறான அளவுத் தட்டைப் போட்டு உள்வளையத்தை அடிக்கலாம். செட்டுக்குள் அந்த அளவுத் தட்டும் இருக்கிறது, அதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் சும்மா கிடக்கும் கருவி அப்படியே இருப்பதில்லை. ஸ்லைடு ஹாமர் வெறும் இரும்பு, எண்ணெய் தடவி வைத்தால் போதும். நட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் அப்படியில்லை. அதற்குள் ஒரு வில் இருக்கிறது, வைத்த அளவிலேயே இறுக்கத்தோடு போட்டுவிட்டால் நாளாவட்டத்தில் அளவு மாறிப்போகும். வேலை முடிந்ததும் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும். 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 தடவை பயன்படுத்தியதும் சரிபார்க்கச் சொல்கிறது ஐ.எஸ்.ஓ. 6789 தரநிலை. ஹப் நட்டை இறுக்க நான் முதலில் டார்க் ரெஞ்ச் வாங்கவில்லை, பாரில் ஏறி நின்று இறுக்கினேன். ஸ்பேசரோடு இரண்டு பேரிங்கும் அந்த நட்டின் இறுக்கத்தில்தான் நிற்கின்றன. 8,500 ரூபாய்க் கணக்கில் முதலில் இடம்பெற்றிருக்க வேண்டிய பொருள் அதுதான். அடுத்த வருடம் வாங்கினேன். இன்றைக்கு மாதம் ஒருமுறையாவது அது வெளியே வருகிறது.

கடன் நோட்டு

அமெரிக்காவில் ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகளில் புல்லர், கம்ப்ரெஸர் போன்றவற்றைக் கடனாகவே எடுத்துப் போகலாம். விலைக்குச் சமமான முன்பணம் கட்ட வேண்டும், கருவியைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வந்துவிடும். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979-இலிருந்து புத்தகம்போலக் கருவிகளை இரவல் தருகிறது. நம் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் நான் வாங்கிய ஐந்தில் மூன்றை வாங்கியிருக்கவே மாட்டேன். பழைய வண்டியை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள் நம்மிடையே நிறைய. மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது, ஆனாலும் தெருவுக்கு ஒன்றாவது இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஸ்லைடு ஹாமர் துருப்பிடித்துக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

2019 வேலை முடிந்ததும் ஸ்லைடு ஹாமர், ஸ்ப்ளிட்டர், டிரைவர் செட் மூன்றையும் கணபதி லேத் பட்டறையிலேயே கொண்டுபோய் வைத்தேன். “இங்கயே இருக்கட்டுங்கண்ணா, யாருக்கு வேணும்னாலும் குடுங்க” என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கருவி தொலைந்தால் பேச்சு வரும் என்று தயங்கினார். தொலைந்தால் நான் கேட்க மாட்டேன் என்று சொன்ன பிறகு சுவரில் ஒரு ஆணி அடித்து ஹாமரை மாட்டினார். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் கயிற்றில் தொங்குகிறது. எடுத்துப் போகிறவர்கள் பெயரையும் வண்டியையும் அதில் எழுதுகிறார்கள்.

போன மாதம் போயிருந்தபோது நோட்டைப் புரட்டினேன். பத்தொன்பது பேர். பாதிக்கு மேல் ஆல்டோ. ஒருவர் டிரைவர் செட்டை வாஷிங் மெஷின் பேரிங்குக்கு எடுத்துப் போயிருக்கிறார், அதில் இரண்டு தட்டுகளுக்கு முதல்முறையாக வேலை கிடைத்திருக்கிறது. ஸ்ப்ளிட்டரின் ஒரு போல்ட் மரை போய்விட்டது; லேத்காரர் தானே புதிதாக ஒன்று கடைந்து போட்டுவிட்டார், காசு வாங்க மறுத்துவிட்டார். நான் நின்றிருந்தபோது ஒரு கல்லூரிப் பையன் ஹாமரைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கம்பி முழுக்க எண்ணெய் தடவி, பழைய லுங்கித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

“பேரிங்கை எப்படித் தம்பி ஏத்துனே?” என்று கேட்டார் லேத்காரர்.

அவன் பாக்கெட்டிலிருந்து வெளிச்சுற்றுத் தேய்த்த ஒரு பழைய வளையத்தை எடுத்துக் காட்டினான்.